விந்தணு எண்ணிக்கை (கவுண்ட்) குறைந்தால் போன்தான் காரணமா?

"அக்கா, போன எப்பவும் பேன்ட் பாக்கெட்லதான் வச்சிருப்பேன். அதனாலதான் இப்படி ஆயிருக்குமா?"

விந்துப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் தமிழ் ஆண்கள் பலர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். சிங்கப்பூரில் குழந்தைப்பேறு சிகிச்சை தரும் ஓர் இடத்தின் லேப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். நுண்ணோக்கியில் விந்தணுக்களை எண்ணுவது, அவை எப்படி நீந்துகின்றன என்று பார்ப்பது, முடிவை எழுதி அனுப்புவது, இவைதான் என் வேலை. அதை விளக்க வேண்டியவர் மருத்துவர். ஆனால் உள்ளே தமிழ் பேசும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், மனைவி பணம் கட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து முகப்புக்கு வந்து நிற்பார்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்துச் சில ஆண்டுகளே ஆன பையன்கள், துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள், ஐடி கம்பெனி மேலாளர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சிகரெட்டைப் பற்றி யாரும் முதலில் கேட்டதில்லை.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. முகப்பில் நின்று இரண்டு வரியில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகப் போன் பயன்படுத்துவதால் ஓர் ஆணுக்குக் குழந்தை பிறக்காமல் போகும் என்று சொல்ல, இதுவரை வந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. விந்தணு எண்ணிக்கையில் சிறிய மாற்றம் ஏதும் வருமா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. இதற்கு மேல் உறுதியாக, "ஆமாம், போன் விந்தணுவைக் கொல்லும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரையும் நம்ப வேண்டாம், "இதெல்லாம் வெறும் கட்டுக்கதை" என்று தள்ளிவிடுகிறவரையும் நம்ப வேண்டாம்.

பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. விந்தணு மிகச் சுலபமாகச் சேதப்படும் செல். தலைக்குள் மரபணுவை இறுக்கிச் சுருட்டி வைத்துக்கொண்டு, நடுப்பகுதியில் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் பின்னால் வாலையும் வைத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே உருவானது. உடம்பின் மற்ற செல்களில் நிறைந்திருக்கும் சைட்டோபிளாசம் இதில் மிகக் கொஞ்சம். ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் நொதிகளில் பெரும்பங்கு அந்தச் சைட்டோபிளாசத்தில்தான் இருக்கும். ஆகவே மற்ற செல் தாங்கிக்கொள்வதை விந்தணுவால் தாங்க முடியாது. அது உருவாகும் விரைகளும் உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகத்தான் விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குகிறது. அந்த இடத்துக்கு விரற்கடைத் தூரத்தில், நாள் முழுக்க ஒரு சிறு ரேடியோ நிலையத்தை வைத்துக்கொண்டு நடக்கிறோம். கேள்வி வரத்தானே செய்யும்?

கதிர்வீச்சு என்று கேட்டதும் எக்ஸ்ரேயும் அணு உலையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. போனிலிருந்து வருவது அந்த வகை கிடையாது. எக்ஸ்ரே மரபணுவின் பிணைப்பை நேரடியாக உடைக்கக் கூடியது. போன் வெளியிடும் ரேடியோ அலையின் ஒவ்வொரு துகளிலும் உள்ள ஆற்றல், அப்படி உடைக்கத் தேவையான அளவைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. இந்த அலை தசையில் ஏறும்போது நிச்சயமாகச் செய்வது ஒன்றுதான்: லேசாகச் சூடாக்கும். அந்தச் சூட்டை அளவிட வைத்திருக்கும் கணக்கு எஸ்ஏஆர். ஒரு கிலோ திசு எத்தனை வாட் ஆற்றலை உள்வாங்குகிறது என்பதே அது. தலைக்கும் உடற்பகுதிக்கும் சர்வதேச வழிகாட்டுதல் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 2 வாட், பத்து கிராம் திசுவின் சராசரியாக. சிங்கப்பூரும் அந்த வழிகாட்டுதலையே பின்பற்றுகிறது. இந்தியாவில் 2012 முதல் 1.6 வாட், அதுவும் ஒரு கிராம் திசுவுக்கு என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த வரம்பு காகிதத்தில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் ஐபோன் 12 கருவியைப் பிரான்ஸ் அரசு விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னது பலருக்கு நினைவிருக்கலாம். கையில் பிடித்திருப்பது போலவோ பாக்கெட்டில் இருப்பது போலவோ ஒட்டி வைத்து அளந்தபோது 5.74 வாட் வந்தது. கை கால்களுக்கான வரம்பு 4 வாட். ஆப்பிள் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு வந்த போன் அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். நான் சொன்ன பதில்: வரம்பைத் தாண்டியதைப் பிடிக்க ஆள் இருக்கிறார்கள், பிடித்துவிட்டார்கள், நல்லது. ஆனால் அந்த அளவுகோல் சூட்டைத்தான் பார்க்கிறது. விந்தணுவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அதைச் சொல்ல முயன்ற ஆய்வுகளுக்கு வருவோம். இரண்டு வகை ஆய்வுகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் பரவுகிறது.

ஒன்று, லேப்பில் செய்தவை. 2009-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அசோக் அகர்வாலின் குழு 32 ஆண்களின் விந்து மாதிரிகளை எடுத்து, ஒரு பாதியைப் பேச்சு நிலையில் இருந்த போனுக்கு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரம் வைத்தது. அந்தப் பாதியில் நீந்தும் விந்தணுக்களும் உயிரோடிருக்கும் விந்தணுக்களும் குறைந்தன, ஆக்சிஜனேற்றச் சேதம் கூடியது. மரபணு சேதத்தில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜான் எய்ட்கென் குழு, பிரித்தெடுத்த விந்தணுக்களின் மீது கிலோவுக்கு 0.4 வாட்டிலிருந்து 27.5 வாட் வரை செலுத்திப் பார்த்தது. அளவு கூடக் கூட ஓட்டம் குறைந்தது, மரபணுவிலும் முறிவுகள் தெரிந்தன. 2012-இல் அர்ஜென்டினாவில் ஒரு குழு, வைஃபையில் இணைந்த மடிக்கணினிக்கு அடியில் 29 பேரின் மாதிரிகளை நான்கு மணி நேரம் வைத்து ஏறக்குறைய அதே விளைவைக் கண்டது.

இந்த முடிவுகளை நான் மதிக்கிறேன். செய்தவர்கள் துறையில் பெயர்பெற்றவர்கள். ஆனால் நான் அந்தத் தட்டுகளோடு வாழ்ந்தவள். கண்ணாடித் தட்டில் கிடக்கும் விந்தணு எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே ரத்த ஓட்டம் இல்லை, சூட்டை எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லை, மேலே தோலும் தசையும் இல்லை. ஒன்றும் செய்யாமல் மேசையில் விட்டாலே மணிக்கு மணி அதன் ஓட்டம் குறையும். உடம்புக்குள் விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், பிறகு முதிர்ந்து வெளியே வரத் தயாராக இன்னும் இரண்டு வாரம். அந்த மூன்று மாதப் பயணத்தில் நடப்பதை ஒரு மணி நேரத் தட்டுச் சோதனை சொல்லிவிடாது. இப்படி நடக்க வழி இருக்கிறது என்று காட்டும், அவ்வளவே.

இரண்டாவது வகை, ஆண்களையே பார்த்த ஆய்வுகள். 2008-இல் அதே அகர்வால் குழு, குழந்தையின்மைக்காக வந்த 361 ஆண்களைப் போன் பேசும் நேரப்படி நான்கு குழுவாகப் பிரித்தது. போனே பயன்படுத்தாதவர்களுக்குச் சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 86 மில்லியன். நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு 50 மில்லியன். உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. அந்த எண்களை நான் முதலில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது வேறு. 50 மில்லியன் என்பது எங்கள் லேப்பில் நல்ல முடிவு! உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன். அப்புறம், நாளைக்கு நான்கு மணி நேரம் போனில் பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று யோசியுங்கள். அவர் விற்பனையாளராக இருக்கலாம், வண்டியிலேயே நாளைக் கழிப்பவராக இருக்கலாம், தூக்கம் கெட்டவராக, நிறையப் புகைப்பவராக இருக்கலாம். போனைத் தனியாகப் பிரித்து எடுப்பது சுலபமில்லை.

2014-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் பத்து ஆய்வுகளை, 1,492 மாதிரிகளைத் திரட்டிப் பார்த்து, நீந்தும் விந்தணுக்களின் பங்கு சராசரியாக எட்டு விழுக்காட்டுப் புள்ளி குறைவதாகச் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்ல முடியவில்லை. 2017-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 153 ஆண்களிடம் பார்த்தபோது தொடர்பே தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்து ஆய்வு, 2023-இல் வெளிவந்தது. அங்கும் நம்மைப் போலவே இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி. அதற்காக உடற்பரிசோதனைக்கு வந்த 18 முதல் 22 வயது ஆண்களில் 2,886 பேரிடம் 2005 முதல் 2018 வரை விந்து மாதிரி வாங்கினார்கள். குழந்தையின்மை மருத்துவமனைக்கு வந்தவர்கள் இல்லை இவர்கள், சாதாரண இளைஞர்கள். அதுதான் இதன் பலம். நாளைக்கு 20 தடவைக்கு மேல் போன் பயன்படுத்தியவர்களின் இடைநிலை எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 44.5 மில்லியன், வாரம் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதவர்களுக்கு 56.5 மில்லியன். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நீந்தும் திறனிலும் வடிவத்திலும் வித்தியாசம் இல்லை. தட்டுச் சோதனைகள் சொன்னதற்கு இது நேர் எதிர், அங்கே குறைந்தது நீந்தும் திறன்தானே.

இன்னும் இரண்டு விஷயம் அதில் இருக்கிறது. போனைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தவர்களுக்கும் வேறெங்கோ வைத்திருந்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அலைதான் காரணம் என்றால் பாக்கெட்டில்தானே முதலில் தெரிய வேண்டும்? மற்றது, 2005 முதல் 2007 வரை சேர்ந்தவர்களிடம்தான் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. 2ஜி போய் 3ஜி, 4ஜி வரவர அது மங்கிக்கொண்டே போனது. பழைய 2ஜி போன்கள் வெளியிட்ட ஆற்றல் பின்னால் வந்தவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இது பொருந்தத்தான் செய்கிறது. அப்படியே இருந்தாலும், சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 2017-க்குப் பிறகு இங்கே திருமணமான ஒரு பையன் 2ஜி போனுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எண்ணிக்கை குறைவதும் குழந்தை பிறக்காமல் இருப்பதும் ஒன்றில்லை என்பதைச் சொல்லி நான் அலுத்ததே இல்லை, இன்னொரு முறை சொல்கிறேன். 1998-இல் டென்மார்க்கில், முதல் குழந்தைக்கு முயலும் 430 தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 40 மில்லியன் வரை எண்ணிக்கை கூடக் கூடக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடியது. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் பலன் கூடவில்லை. சுவிஸ் இளைஞர்களின் 44-உம் 56-உம் இரண்டுமே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. குழந்தை பிறப்பதையே நேராகப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. டென்மார்க்கிலும் வட அமெரிக்காவிலும் 3,126 ஆண்கள், போனை முன் பாக்கெட்டில் வைக்கும் பழக்கம், மனைவி கருத்தரிக்க எடுத்த காலம். மொத்தத்தில் தொடர்பு இல்லை. உடல் மெலிந்த ஆண்களிடம் மட்டும் சற்றே தாமதம் தெரிந்தது, விந்துப் பரிசோதனையில் அதற்கு ஈடாகக் குறை எதுவும் பெரிதாகத் தென்படவில்லை. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த தொகுப்பாய்வும், ஆண்களைப் பார்த்த ஆய்வுகளை வைத்து, பாதிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு, ஆனால் சான்றுகள் பலவீனமானவை என்றே முடித்தது. விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் பாதிப்புகள் தெரிந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கொடுத்த அளவு நாம் பாக்கெட்டில் பெறும் அளவைவிட மிக அதிகம்.

எண்ணுகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆளின் எண்ணிக்கை ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இரண்டு மடங்கு மாறுவதை நான் சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் விந்து வெளியேற்றாமல் விலகியிருந்தார், மாதிரியின் முதல் பகுதி குப்பிக்குள் விழுந்ததா வெளியே சிந்தியதா, சென்ற மாதம் காய்ச்சல் வந்ததா, எல்லாமே எண்ணை மாற்றும். முதல் பகுதியில்தான் விந்தணுக்கள் செறிந்திருக்கும். அது சிந்திவிட்டால் நல்ல கவுண்ட் உள்ளவருக்கும் முடிவு பயமுறுத்தும். சிந்தியதை வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. பிறகு அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு போனைக் குற்றம் சொல்கிறார்கள். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இடைவெளி விட்டு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

போன் என்ற ஒற்றைப் பதிலில் நின்றுவிடுவதால் எதையெல்லாம் பார்க்காமல் விடுகிறோம் என்பதுதான் என் கவலை.

சூடு முக்கியமானது. 2005-இல் நியூயார்க்கில் 29 இளைஞர்களை மடியில் கணினியோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்து அளந்தார்கள். விதைப்பையின் வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. அலை வேண்டியதில்லை, தொடைகளை நெருக்கி உட்கார்ந்ததும் கணினியின் சூடும் போதும். ஹார்வர்டில் 2018-இல் 656 ஆண்களிடம் பார்த்தபோது, தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களுக்கு எண்ணிக்கை 25 விழுக்காடு அதிகம். நம் ஊரின் வெயிலில் இறுக்கமான ஜீன்ஸோடு பத்து மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கும் உணவகச் சமையலறையில் தந்தூரி அடுப்பின் முன்னால் நிற்பவருக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். வெரிகோசீல் இன்னொன்று. விதைப்பையில், பெரும்பாலும் இடது பக்கம், ரத்தக் குழாய் புடைத்து ரத்தம் தேங்கிச் சூடு ஏறும். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருப்பது, குழந்தையின்மைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், தேவைப்பட்டால் சரிசெய்யவும் முடியும். டெங்கி மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை தாழ்ந்திருக்கும், காத்திருந்தால் ஏறிவிடும். புகை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அதிக எடை பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். முழுப் பூஜ்யம் வந்த மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன், பார்க்க உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும் பையன்களிடமிருந்து. ஊசியை விட்டால் பலருக்குத் திரும்பி வரும், ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். அப்படி வந்த ஒரு தம்பியும் என்னிடம் போனைப் பற்றித்தான் கேட்டார்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். நான் பார்த்த தமிழ்க் குடும்பங்களில், ஆணின் மாதிரி லேப்புக்கு வருவதற்குள் பெண் எத்தனையோ சோதனைகளைத் தாண்டியிருப்பாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, மாத்திரை. ஊரிலிருந்து மாமியார் வாரம் தவறாமல் போன் போட்டு "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவள் மருமகள். குழந்தையின்மைக்கு வரும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு காலை நேரம் போதும். அதைக் கடைசிக்குத் தள்ளுவதில் போய்விடும் மாதங்கள் யாருடையவை? முப்பத்தைந்து தாண்டிய பெண்ணுக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது. கவுண்ட் என்பது ஆண்மையின் அளவு என்று நினைப்பதால்தான் ஆண்கள் தள்ளிப்போடுகிறார்கள். தாம்பத்திய உறவில் ஒரு குறையும் இல்லாதவருக்கு எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம், அதில் சிரமப்படுகிறவருக்கு நூறு மில்லியன் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

போன் என்ற காரணம் ஆண்களுக்குச் சௌகரியமாக இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வெளியில் இருக்கும் ஒரு பொருள் மேல் பழி போட்டால் உடம்பைப் பரிசோதிக்க வேண்டியதில்லை. ஒரு தம்பதி, போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கத் தொடங்கிவிட்டோம், இன்னும் ஓராண்டு பார்க்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். திரும்பி வந்தபோது மருத்துவர் தொட்டுப் பார்த்தது வெரிகோசீல். அந்த ஓராண்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஊரில் மனைவியை விட்டுவிட்டு இங்கே வேலை செய்யும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விடுதியில் ஒருவர் மற்றவரிடம் சொல்லிச் சொல்லியே இந்தப் பயம் அவர்களிடம் வேரூன்றிவிட்டது. "டெய்லி நைட்டு வீடியோ கால்ல பேசுறேன் அக்கா, போன் மடியிலதான் இருக்கும், கல்யாணம் ஆகி மூணு வருஷமாச்சு" என்று ஒருவர் சொன்னார். மூன்று ஆண்டில் எத்தனை முறை ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டேன். திருமணத்துக்கு ஒரு மாதம், பிறகு இரண்டு முறை, ஒவ்வொரு மாதம். அப்படியானால் நீங்கள் முயன்றது மூன்று ஆண்டு இல்லை தம்பி, மூன்று மாதம். ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாள் ஏறக்குறைய ஆறுதான்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு சுழற்சியில் வாய்ப்பு நூற்றுக்கு இருபது இருபத்தைந்துதான். குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்வதே, ஒன்றாக வாழ்ந்து ஓராண்டு முயன்றும் கரு நிற்காதபோதுதான். விடுப்பு கிடைக்கும் தேதியை மேலாளர் தீர்மானிக்கிறார், அந்த ஆறு நாள் அதற்குள் விழுமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஊரில் அந்தப் பெண்ணைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போகிறார்கள். இவரை ராத்திரி போன் பேசாதே என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அந்த வீடியோ அழைப்பு ஒன்றுதான் அந்த இரண்டு பேருக்கும் குடும்பம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, சொல்ல அறிவியல் காரணமும் இல்லை. விடுப்புக்கு முன்பே மனைவியின் தேதிகளைக் கணக்குப் பார்த்து டிக்கெட் போடுங்கள் என்றுதான் சொன்னேன்.

சரி, போனை என்ன செய்வது? பையில் வைக்க முடிந்தால் வையுங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. தூரம் கொஞ்சம் கூடினாலே உடம்பில் ஏறும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னல் குறைவான இடத்தில், மின்தூக்கியிலும் அடித்தளக் கார் நிறுத்துமிடத்திலும், போன் அதிக ஆற்றலோடு அலையை அனுப்பும். அங்கே நீண்ட நேரம் பேச வேண்டாம். சார்ஜ் ஏறும்போது சூடான போனை மடியில் போட்டுக்கொண்டு படம் பார்க்க வேண்டாம், அலைக்காக இல்லாவிட்டாலும் சூட்டுக்காக. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், வெள்ளி இழை ஓடும் உள்ளாடை என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். போனில் ஒட்டும் தடுப்புகள் சிக்னலை மறைத்தால், போன் அதை எட்டிப் பிடிக்க இன்னும் கூடுதல் ஆற்றலைத்தான் வெளியிடும். கவலையில் இருக்கும் தம்பதிகளிடம் இவற்றை விற்பது எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது.

அந்தப் பணத்தைப் பரிசோதனைக்கு வையுங்கள். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983-இல் பிறந்தது. அந்தக் குழுவை நடத்தியவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினம், இலங்கையில் பிறந்த தமிழர். அத்தனை காலமாக இந்தத் துறை இங்கே வேரூன்றியிருக்கிறது. நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2023-இல் 0.97-க்கு இறங்கிய நிலையில், தகுதியுள்ள தம்பதிகளுக்குப் பொது மருத்துவமனைகளில் செயற்கைக் கருத்தரிப்புச் செலவில் 75 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவையும் பயன்படுத்தலாம். பலருக்கு அதுவரை போக வேண்டியே இருக்காது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிய அந்த ஒரு சிறு குப்பி வேண்டும்.

பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேற்றாமல் விலகியிருங்கள். லேப்பில் அதற்கென்று அறை இருக்கும். கூச்சமாக இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். லேப் கொடுக்கும் குப்பி மட்டும், சாதாரண ஆணுறை வேண்டாம், எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். டாக்ஸியிலும் எம்ஆர்டி ரயிலிலும் குளிர்சாதனம் இருக்கும், குப்பியைக் கைப்பையில் போடாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எடுத்த நேரத்தைச் சரியாக எழுதுங்கள். கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மருந்து, போட்ட ஊசி எல்லாவற்றையும் எழுதுங்கள். கொஞ்சம் சிந்திவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். முகப்பில் இருப்பவர் ஒன்றும் நினைக்க மாட்டார், வேறொரு நாள் குறித்துத் தருவார்.